பொம்மைக்குப் போட்ட பனியன்

அந்தச் சோதனைக்கூடத்தில் தினமும் தீயில் நிற்கிற ஆளுக்கு மாப்பிள்ளை என்று பெயர். ஆள் என்றால் நிஜ ஆள் இல்லை, ஆளுயரப் பொம்மை. இரும்பு உருக்குகிற ஃபவுண்டரியிலும் எண்ணெய்க் கிடங்கிலும் வேலை செய்கிறவர்கள் கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உடுப்பாகப் போட்டுக்கொள்ளும் தீப்பிடிக்காத கவராலை அதற்கு மாட்டிவிட்டு, சுற்றி நிற்கும் குழாய்களிலிருந்து தீயைப் பீய்ச்சுவார்கள். எந்த இடத்தில் எவ்வளவு சூடு ஏறியது என்று பொம்மையின் உடம்பெங்கும் பதித்திருக்கும் சின்னச் சின்ன வில்லைகள் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். தினம் ஒரு புதுச்சட்டை போட்டுக்கொண்டு விறைப்பாக நிற்பதால் மாப்பிள்ளை. தலையில் ஒரு முடி கிடையாது, மூக்கு நுனி கருகிப் போயிருக்கிறது. என்றாலும் முறுக்கில் மட்டும் குறைச்சல் இல்லை என்பார் வால்வு அண்ணன். தீக்குழாய்களைத் திறந்து மூடுகிறவர் அவர்.

மாப்பிள்ளைக்கு உடுத்திவிடுவது பூனையின் வேலை. அவள் நடந்தால் சத்தம் வராது, பேசினாலும் சத்தம் வராது, அதனால் வேலைக்குச் சேர்ந்த அன்றே வால்வு அண்ணன் வைத்த பெயர் அது.

"வீட்டுல ஒரு மாப்பிள்ள, இங்க ஒரு மாப்பிள்ள. ரெண்டு பேருல யாரு பூனைக்குட்டி உன் பேச்சக் கேக்குறது?" என்று அவர் வம்புக்கு இழுப்பார்.

அவள் குனிந்து சிரித்துக்கொள்வாள். சொல்ல மாட்டாள், ஆனால் பதில் அவளுக்குத் தெரியும். கேட்பது பொம்மைதான். அதன் கையை மெதுவாக மடக்கிச் சட்டைக்குள் நுழைக்கும்போதும், கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிடும்போதும் அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். நேற்று குழம்பில் உப்பு கூடிவிட்டது, ஆனாலும் அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். காலையில் என் செருப்பைத் துடைத்து வைத்திருந்தார், அவர்தானா என்று கேட்க வெட்கமாக இருந்தது. இப்படி.

வீட்டு மாப்பிள்ளையும் வாய் திறக்கிற ரகம் இல்லை. நெடுநெடுவென்று உயரம். ஃபவுண்டரியில் உருகின இரும்பை அச்சுக்குள் ஊற்றுகிற வேலை. கல்யாணமாகி மாதக்கணக்காகிவிட்டது, இரண்டு பேரும் பேசிக்கொண்டதை எல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு பக்கம் தேறாது. கோபம் என்றும் இல்லை, பிடிக்கவில்லை என்றும் இல்லை. யார் முதலில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் அவள் ஏறுகிற பஸ்ஸில் ஃபவுண்டரி நிறுத்தத்தில் அவனும் ஏறுவான். அவள் உட்கார்ந்திருக்கும் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நிற்பான். இரண்டு பேரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கி, முன்னும் பின்னுமாக வீட்டுக்கு நடப்பார்கள். இரண்டு ஷிப்ட்டும் ஒரே நேரத்தில் முடிகிறது போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் கழற்றிப் போடும் பருத்திப் பனியனைத் துவைக்கும்போதுதான் அவன் படுகிற பாடு அவளுக்குப் புரிந்தது. பிழிந்தால் உப்புத் தண்ணீர். காய்ந்தால் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. கவராலுக்குள் தீ போகாது, சரி. உள்ளே இருக்கிற உடம்புச் சூடும் வெளியே வராதே. அடுப்பு மேல் மூடி போட்டு வைத்த பாத்திரம் மாதிரி அந்த மனுஷன் வெந்துகொண்டிருக்கிறாரே என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

சம்பளம் வாங்கின கையோடு கடைத்தெருவுக்குப் போனாள். ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற வழுவழுப்பான பனியன், நீல நிறம். "வேர்வைய உறிஞ்சி நிமிஷத்துல காயவெச்சிடும்மா. போட்டிருக்கிறதே தெரியாது" என்றான் கடைக்காரன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். ஒன்றை அன்றைக்கே அவன் தலையணைமேல் வைத்தாள். அதுதான் அவள் அவனுக்குக் கொடுத்த முதல் பொருள். முதல் பனியன் நைந்துபோனால் எடுத்துக் கொடுக்கலாம் என்று மற்றொன்று கைப்பையிலேயே இருந்தது. அவன் எதுவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து தினமும் அதையே போட்டுக்கொண்டு போனான். ராத்திரி அலசிப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பொம்மையிடம் பலமுறை சொல்லிவிட்டாள்.

சோதனைக்கூடத்திலும் பொம்மைக்குக் கவராலுக்கு அடியில் பனியன் உண்டு. பருத்தியில்தான் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஏன் என்று அவள் கேட்டதில்லை. யாரையும் எதையும் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அன்றைக்குப் பருத்திப் பனியன்கள் எல்லாம் ஈரமாகக் கிடந்தன. குழாய் ஒன்றைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். தீ சரியாக வருகிறதா என்று சும்மா ஒரு வெள்ளோட்டம் பார்க்க வேண்டும்.

"உள்ள ஒண்ணும் வேணாம், கவரால மட்டும் மாட்டிவிடு" என்று கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்து பொறுப்பாளர் சொன்னார். கண்டிப்பான பெண்மணி. மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு அதை மேஜையெல்லாம் தேடுகிறவர்.

பூனைக்கு மனசு வரவில்லை. இத்தனை நாள் குசுகுசுத்ததை எல்லாம் காதில் வாங்கிக்கொண்ட ஜீவனை வெற்றுடம்போடு தீயில் விடுவதா? கைப்பையைத் திறந்தாள். நீலப் பனியனை எடுத்து மாட்டிவிட்டாள். அச்சாகப் பொருந்தியது. "அவருக்கும் இதேதான்" என்று அதன் காதில் சொல்லிவிட்டு ஜிப்பைப் போட்டாள்.

வால்வு அண்ணன் குழாயைத் திறந்தார். தீ நாலு பக்கமும் சுருண்டு எழுந்து பொம்மையை விழுங்கியது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். அணைந்தது. கவரால் கறுத்துப் பொரிந்து, ஆனால் கிழியாமல், அப்படியே நின்றது.

"பரவால்லியே, குழாய் ஜோரா எரியுது" என்றார் வால்வு அண்ணன்.

பொறுப்பாளர் நெற்றியிலிருந்த மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கினார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் பொம்மையின் படம். கையும் காலும் பச்சை. நெஞ்சும் முதுகும் மட்டும் மஞ்சளாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பாகிக்கொண்டிருந்தன. வெளியே தீ அணைந்த பிறகும் துணியில் தங்கின சூடு உள்ளே ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் இப்படி ஏறி அவர் பார்த்ததில்லை.

பூனை திரையைப் பார்க்கவில்லை. பொம்மையைத்தான் பார்த்தாள். கழுத்துப்பட்டைக்குக் கீழே நீலமாக ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது. மெழுகு மாதிரி.

அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

ஒரு மூச்சுதான் இழுத்திருப்பாள். தொண்டையில் யாரோ கையை விட்டுத் திருகினது போலிருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. பின்னாலிருந்து பொறுப்பாளர் அவள் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு, கதவை அறைந்து சாத்தினார்.

"புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? புகைய வெளிய தள்ளுற விசிறி ஓடி முடியாம உள்ள போகக்கூடாதுன்னு தலபாடா அடிச்சிக்கிறேன். தீப்பிடிக்காத துணின்னா பொசுங்காத துணின்னா நெனச்சே? பொசுங்கும்போது அது விடுற மூச்சு இருக்கே, அது விஷம். ஆளையே சாய்ச்சிடும்."

வால்வு அண்ணன் தண்ணீர் கொண்டுவந்தார். கிண்டல் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"உள்ள என்னத்தப் போட்டே அதுக்கு?" என்று கேட்டார் பொறுப்பாளர்.

பூனை இருமிக்கொண்டே சொன்னாள். நீலப் பனியன். பாலியஸ்டர்.

பொறுப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதாண்டி உருகி ஒட்டியிருக்கு. மேல துணி தாங்கினாலும் அந்தச் சூடு போதும், இது உள்ளேயே உருகித் தோலோட ஒட்டிக்கும். பிச்சா தோலும் சேந்து வரும். அதுக்குத்தான பருத்தின்னு வெச்சிருக்கோம்." பிறகு குரலைத் தணித்தார். "சரி விடு, வெள்ளோட்டந்தானே. பொம்மையச் சுரண்டி எடுத்துக்கலாம். இதுக்குப் போய் இப்படி அழுவாங்களா?"

"அவரும் இதத்தான் போட்டிருக்காரு."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு. இன்னிக்கி. இப்ப." பூனை எழுந்து நின்றாள். "நாந்தான் வாங்கிக் கொடுத்தேன்."

ஃபவுண்டரிக்குப் பொறுப்பாளர் ஃபோன் போட்டார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க நாதியில்லை. உருக்குக் கூடத்துக்குள் யாரும் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாம் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். அதற்குள் வால்வு அண்ணன் வண்டிச் சாவியை எடுத்திருந்தார்.

"ஏறு பூனைக்குட்டி."

வழியெல்லாம் வால்வு அண்ணன் ஹாரனை அடித்துக்கொண்டே வண்டியை விரட்டினார். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம், இப்போது இரும்பு தெறிக்கும், இப்போது தெறிக்கும் என்று அவள் நெஞ்சில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஃபவுண்டரி வாசலில் காவலாளி நாற்காலியில் பாதியும் வெளியே பாதியுமாக உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய சரீரம்.

"இப்ப ஊத்துற நேரம்மா. யாரையும் கூப்பிடக் கூடாது. சாயங்காலம் வாங்க."

"அவசரம்" என்றாள் பூனை. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"என்ன அவசரம்? வீட்டுல யாருக்காவது உடம்பு கிடம்பு..."

"இல்ல."

"பின்ன?"

அவள் வால்வு அண்ணனைப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கப் போனார். அதற்குள், எங்கிருந்து வந்ததோ, அவள் தொண்டையிலிருந்து ஒரு கத்தல் வந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த காக்கையெல்லாம் பறந்தன.

"அவரு பனியனக் கழட்டணும்!"

காவலாளி திகைத்துப் போனார். சிரிப்பா கோபமா என்று முடிவு செய்ய அவர் முகத்துக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு வால்வு அண்ணன் ஆள் யார், விஷயம் என்ன என்று சொன்னார். காவலாளியின் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. மேஜைமேல் இருந்த ஒலிபெருக்கி மைக்கை இழுத்தார். இரும்பை ஏந்திக்கொண்டிருக்கும் ஆளைத் திடுக்கிட வைக்கக் கூடாது என்பதால் மேஸ்திரியைத்தான் அழைக்க வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இப்படிச் சொன்னார்:

"மேஸ்திரி கவனத்துக்கு. நெட்டையோட வீட்டம்மா வாசல்ல வந்து நிக்கிறாங்க. ஊத்தி முடிச்சதும் நெட்டை வெளிய வரணும். வந்து உடனே பனியனக் கழட்டணும். சொன்னது வீட்டம்மா. முடிஞ்சது."

ஆலை முழுக்க அது எதிரொலித்தது. லாரியில் பழைய இரும்பு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் பூனை அங்கேயே மண்ணுக்குள் போயிருப்பாள். இன்றைக்கு வெட்கப்பட நேரமில்லை. முற்றத்தின் அந்தக் கோடியில் உருக்குக் கூடத்தின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே செக்கச்சிவந்த வெளிச்சம் எழுந்து அடங்கியது. மறுபடி எழுந்தது. யாரும் வரவில்லை.

பிறகு உள்ளேயிருந்து யாரோ சத்தம் போட்டார்கள். அவள் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் வெளியே வந்தார்கள். நடுவில், இரண்டு பேர் தோளிலும் கை தொங்க, தலை துவண்டு, நெடுநெடுவென்று ஒரு ஆள்.

காவலாளி கதவைத் திறந்தாரா, அவளே தள்ளிக்கொண்டு போனாளா என்பது பிற்பாடும் யாருக்கும் நினைவில்லை.

தீ படவில்லை. இரும்பு தெறிக்கவில்லை. ஊற்றி முடித்து அகப்பையைக் கீழே வைத்ததும் மரம் சாய்கிற மாதிரிச் சாய்ந்துவிட்டான் என்று சொன்னார்கள். சூட்டு மயக்கம். மின்விசிறி ஓடுகிற கொட்டகையில் கிடத்தினார்கள். பூனை ஜிப்பைப் பிடித்து ஒரே இழுப்பில் இடுப்புவரை திறந்தாள். தினமும் செய்கிற வேலை அல்லவா, அவள் விரல்களுக்கு யோசனை தேவைப்படவில்லை. உள்ளேயிருந்து அடுப்பைத் திறந்தது போல அனல் வந்தது. நீலப் பனியன் ஈரத்தோடு தோலில் ஒட்டிக் கிடந்தது.

"கத்திரிக்கோல்" என்றாள்.

யாரோ கொடுத்தார்கள். கழுத்திலிருந்து கீழே வரை வெட்டி, இரண்டு பக்கமும் விலக்கினாள். நெஞ்சு முழுக்க, விலா முழுக்க, சிவப்புச் சிவப்பாக வேர்க்குரு. சில இடங்களில் சொறிந்து புண்ணாகியிருந்தது. இன்று வந்ததில்லை, பல நாளாக இருக்கிறது. துணியைத் தண்ணீரில் நனைத்து அக்குளிலும் கழுத்திலும் வைத்தார்கள். அவள் மறுபடி மறுபடி நனைத்து வைத்தாள். விசிறிக் காற்றில் அந்தப் பெரிய உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு தணிவது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

அவன் கண்ணைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். முகம் பதறியது.

"பஸ்ஸ விட்டுட்டேனா?" என்றான்.

கொட்டகையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரிதான் முதலில் பேசினார். அவர் முகம் செத்துப் போயிருந்தது.

"எம்மேலயும் தப்பும்மா. ஒவ்வொரு தடவ ஊத்தினதும் வெளிய வந்து, கவராலத் திறந்து விட்டுட்டு, தண்ணி குடிச்சு உக்காரணும். அதான் இங்க முறை. இவன் உக்காரவே மாட்டான். அந்த ஓய்வையெல்லாம் சேத்து வெச்சு, சாயங்காலம் முன்னாடியே விட்டுடுங்க மேஸ்திரின்னு வந்து நிப்பான். ஏண்டான்னா, பஸ்ஸப் புடிக்கணும்பான். அடுத்த பஸ்ல போயேன்டான்னா, இல்ல, அந்தப் பஸ்தான்பான். ஏதோ புதுசாக் கல்யாணமானவன்னு நானும் விட்டுட்டேன்."

பூனை நனைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பஸ்ஸில் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த நிழல். பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் உட்காராத அந்த மனுஷன். அதற்காகவா இந்த வேக்காடு?

மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். வால்வு அண்ணன் காவலாளியோடு ஏதோ முக்கியமான விஷயம் பேசுவது போல வாசல் பக்கம் போய்விட்டார். ஆலை நர்ஸ் வந்து நாடி பார்த்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை நீட்டி, ஒரே மூச்சில் குடிக்காதே என்று அதட்டிவிட்டுப் போனாள்.

"இது அரிக்குதுன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டாள் பூனை. வெட்டுப்பட்ட நீலத்துணி அவள் கையில் இருந்தது.

"நீ வாங்கிக் கொடுத்தது."

"அதுக்கு? தோலு உரியுற வரைக்குமா போட்டுக்குவீங்க? இது தீயில என்ன ஆகும் தெரியுமா? மெழுகு மாதிரி உருகி ஒட்டிக்கும். கண்ணால பாத்துட்டு வரேன். நாந்தான் அறிவு கெட்டத்தனமா வாங்கிட்டேன்னா உங்களுக்காவது தெரிய வேணாமா? உள்ள என்ன போடுறீங்கன்னு யாரும் கேக்கலியா? ஓய்வு நேரத்துல உக்காராம அப்படி என்ன பஸ்ஸு? வந்து பக்கத்துலயாவது உக்காந்தீங்களா? கல்லு மாதிரி பின்னாடி நின்னா எனக்கு என்ன தெரியும்? உங்களுக்கு வாயில்லையா?"

மாதக்கணக்காகப் பொம்மையின் காதில் போனதெல்லாம் அணை உடைந்த மாதிரி கொட்டியது. அவன் மிரண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க அவள் நிறுத்தினபோது மெல்லக் கேட்டான்.

"உனக்கு மட்டும் இருந்துச்சா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி, அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. அவன் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் விரல்கள் இன்னும் சுட்டன.

"பின்னாடி நின்னா உன் பின்னல் தெரியும்" என்றான். "பக்கத்துல உக்காந்தா நேரா ரோட்டத்தான் பாக்கணும். அதான்."

வீட்டுக்குப் போகும்போது காவலாளியின் பருத்திப் பனியனை இரவல் கொடுத்தார்கள். அதற்குள் இன்னொரு நெட்டையை நுழைத்திருக்கலாம். "வெட்டிடாதம்மா, எனக்குன்னு தனியாச் சொல்லித் தைக்கிறது" என்றார் காவலாளி.

அவன் தேறி வேலைக்குத் திரும்பினபோது ஓய்வைச் சேர்த்து வைத்து முன்னாடியே கிளம்புகிற அந்த ஒப்பந்தத்தை மேஸ்திரி ரத்து செய்துவிட்டார். உள்ளே பருத்திதானா என்று வாசலிலேயே எல்லாருடைய கழுத்துப்பட்டையையும் இழுத்துப் பார்த்தார். இனி அவள் வேலை முடிந்து வரும்போது அவனுக்கு ஷிப்ட் முடிந்திருக்காது. முதல் நாள் அவள் பஸ்ஸில் ஃபவுண்டரி நிறுத்தம்வரை வந்தாள். வண்டி நின்றது. யாரும் ஏறவில்லை. கண்டக்டர் விசில் ஊதப் போன நேரத்தில் அவள் எழுந்து இறங்கிவிட்டாள்.

காவலாளி ஒன்றும் கேட்காமல் பெஞ்சைத் துடைத்துவிட்டார். அவள் உட்கார்ந்தாள். உள்ளே வெளிச்சம் எழுந்து அடங்கியது. கொஞ்ச நேரத்தில் கூடத்தின் கதவு திறந்து, ஊற்றி முடித்த ஆட்கள் கொட்டகைக்கு வந்தார்கள். அவனும் வந்தான். கவராலை இடுப்புவரை கழற்றி அதன் கைகளை இடுப்பில் முடிந்துகொண்டு, விசிறிக்கு நேராக உட்கார்ந்து, டம்ளரை எடுத்தான். அப்போதுதான் அவளைப் பார்த்தான்.

நடுவே முற்றம் முழுக்க இரும்புக் குவியல். ஓய்வு முடியும்வரை அவன் அங்கிருந்து நகரக் கூடாது. அவள் வாசலைத் தாண்டக் கூடாது. அவன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டான்.

"சாப்பிட்டியா?"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. மேஸ்திரிக்குப் புரையேறியது.

பூனை பெஞ்சைவிட்டு எழுந்தாள்.

"சாப்பிட்டேன்! நீங்க தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சிட்டேன்!"

"இன்னொரு டம்ளர் குடிங்க!"

அவன் உட்கார்ந்து இன்னொரு டம்ளர் குடித்தான்.